ஒளிரும் சால்வை புற்றுநோயைக் கரைக்காது

‘ஒளிரும் சால்வையை இரவில் போர்த்திக்கொண்டால் புற்றுநோய் கரைந்துவிடும், அறுவை சிகிச்சையே வேண்டாம்’ என்ற செய்தி குன்னூர், கோத்தகிரி வாட்ஸ்அப் குழுக்களில் பரவி வருகிறது. இது உண்மையன்று.

ஒளிவீசும் துணி இருப்பது மெய்தான். மெல்லிய பிளாஸ்டிக் ஒளியிழைகளை நூலோடு சேர்த்து நெய்யும்போது, இழை வளையும் இடந்தோறும் உள்ளே ஓடும் ஒளி பக்கவாட்டில் கசிந்து துணியெங்கும் சீராகப் பரவுகிறது. ஆய்வகத்தில் புற்றுச் செல்கள் வளரும் தட்டுகளுக்கு ஒரே அளவு ஒளி கிடைக்க இது உதவுகிறது. ஆனால் முன்னதாகச் செலுத்தப்பட்ட, ஒளி பட்டால் செயல்படும் ஒளியுணர் மருந்து, அதற்குரிய அலைநீள ஒளி, ஆக்சிஜன் ஆகிய மூன்றும் கூடினால்தான் செல் அழியும். மருந்தில்லாத துணி வெறும் விளக்குதான். சிவப்பொளிகூடத் திசுவுக்குள் ஏறத்தாழ 1 சென்டிமீட்டருக்கு மேல் பயன் தராது. பிரான்சின் லீல் நகர ஆய்வாளர்கள் நோயாளிகளிடம் இத்துணியைச் சோதித்ததும், மருந்துடன் சேர்த்து, பெரும்பாலும் புற்றுக்கு முந்தைய தோல் பாதிப்புகளுக்குத்தான்.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இணையதளத்தில், மருந்தும் ஒளியும் சேர்ந்த இந்தச் சிகிச்சை (photodynamic therapy) பற்றிய விளக்கத்தைச் சரிபார்க்கலாம். உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கேட்கலாம். இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் நோய்க்கே சாதகம் என்பதால், அச்செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இந்த விளக்கத்தையும் பகிருங்கள்.