அவுட்போர்டு எஞ்சினைத் தண்ணீரின்றி ஓட்டிப் பார்ப்பது குறித்து

மும்பையில் முதன்முறையாகப் பழைய மோட்டார் படகு வாங்குவோர், அவுட்போர்டு எஞ்சினை (படகின் பின்புறத்தில் வெளியே பொருத்தப்படும் எஞ்சின்) கரையிலேயே தண்ணீரின்றி ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்கலாம் என்று ஒருவர் எழுதியுள்ளார். அன்புகூர்ந்து அப்படிச் செய்யாதீர்கள். இவ்வகை எஞ்சின்களில் பெரும்பாலானவற்றைக் குளிர்விப்பது வெளியிலிருந்து உறிஞ்சப்படும் நீர்தான். அதை மேலேற்றும் பம்பினுள் சுழலும் ரப்பர் இம்பெல்லருக்கு (நீரைத் தள்ளும் இதழ்கள் கொண்ட சிறு சக்கரம்) அந்த நீரே உராய்வையும் தணிப்பதால், வறண்ட நிலையில் ஒரு நிமிடத்திற்குள்ளாகவே அதன் இதழ்கள் சூடேறிச் சிதையத் தொடங்கலாம். எஞ்சினுடன் வரும் கையேட்டைப் புரட்டினால் இந்த எச்சரிக்கையை நீங்களே காணலாம். சசூன் டாக் மீன்பிடித் துறைப் பக்கம் படகு பார்க்கச் சென்றாலும், எஞ்சினின் கீழ்ப்பகுதியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிய பிறகே கிளப்பச் சொல்லுங்கள். பம்ப் சரியாக வேலை செய்தால், எஞ்சினின் பின்புறச் சிறு துளையிலிருந்து நீர் சீராகப் பீச்ச வேண்டும். ஐயம் இருந்தால், மெக்கானிக்கை வைத்துப் பம்பைத் திறந்து இம்பெல்லரின் இதழ்கள் ஒடிந்தோ வளைந்தபடி விறைத்தோ உள்ளனவா என்று பாருங்கள்.