திக்குவாய்ச் சிறுவன் வர்ணனையாளரான கதை

மேஜர் எனப்படும் நான்கு பெரிய கோல்ஃப் போட்டிகளில் நிறையப் பட்டம் வென்றவர்தான் டிவியில் ஆட்டத்தை அலசத் தகுதியானவர் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அமெரிக்க ஆட்டக்காரர் கென் வென்டூரி வென்ற மேஜர் ஒன்றே ஒன்று, 1964 யு.எஸ். ஓப்பன். கடைசி நாள் கொளுத்தும் வெயிலில் 36 குழி. மயங்கி விழும் நிலையில், மருத்துவர் கூடவே நடந்துவர ஆடி முடித்தார். பிறகு மணிக்கட்டு நரம்புக் கோளாறில் விரல்கள் மரத்துப்போய் ஆட்டமே போயிற்று. சிறுவயதில் வாய் திக்கும் வேறு. அந்த மனிதர்தான் அமெரிக்காவின் சிபிஎஸ் டிவியில் 2002 வரை 35 ஆண்டு வர்ணனையாளராகப் பேசினார்! நாலடி தூரப் பந்தை உருட்ட நிற்பவனின் கை ஏன் நடுங்குகிறது என்று அவருக்குத் தெரியாததா? அந்தக் கட்டுரைக்கான பின்னூட்டத்தில் ஒரு நண்பர் உதாரணம் காட்டிய, ஆட்டக்காரராயிருந்து வர்ணனையாளரான ஜானி மில்லருக்கும் மேஜர் இரண்டுதானே, 1973-லும் 1976-லும்.