பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒரு தூக்குக் கஞ்சி

இன்றைக்கு நோன்பு இருபத்துமூன்று. பினாங்கில் எங்களுக்கு இது மூன்றாவது ரமலான், மகளோடு முதல் ரமலான். அவளுக்கு நாலு மாதம் முடிந்து ஐந்து நடக்கிறது. இந்த மாதத்தில் நான் பிடித்த நோன்பு மொத்தம் மூன்று. இதையெல்லாம் வெளியே சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று லிஃப்டில் ஒரு நம்மூர் மாமி பிள்ளையைக் கொஞ்சிவிட்டு, "நோன்புதானேம்மா?" என்று கேட்டார். "ஆமா மாமி" என்று சொல்லிவிட்டேன். நோன்பு மாதத்தில் ஒரு பொய், அதுவும் அல்லாஹ் அனுமதித்த ஒன்றை மறைப்பதற்காக. ராத்திரி முழுக்க மனசு அறுத்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வருஷம் (2025) மார்ச் 2-ஆம் தேதி முதல் நோன்பு. இங்கே நோன்பு தொடங்கும் சுபுஹு காலை 6:20 வாக்கில், நோன்பு திறக்கும் மஃக்ரிப் மாலை 7:35 வாக்கில். பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். முதல் நாள் சமாளித்தேன். சஹருக்கு, அதாவது விடியுமுன் சாப்பாட்டுக்கு, ஓட்ஸ், முட்டை சாப்பிட்டு, ஒரு கூஜா தண்ணீரும் குடித்துவிட்டுத்தான் நோன்புக்கு நிய்யத் வைத்தேன். இரண்டாம் நாள் அஸருக்கு (பிற்பகல் தொழுகைக்கு)ப் பிறகு மார்பு கட்டவே இல்லை, தளர்ந்து கிடந்தது. மூன்றாம் நாள் மகள் வாய் வைத்தாள், இழுத்தாள், விட்டாள், தலையைத் திருப்பிக்கொண்டு அழுதாள். மறுபக்கம் மாற்றிப் போட்டேன், அங்கேயும் அதே. பால் போதுகிறதா என்று தெரிய டயப்பரை எண்ணு என்று பிரசவத்துக்குப் பிறகு வந்து பார்த்த நர்ஸ் சொல்லியிருந்தார். நானும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு ஆறு ஏழு நனையும். அன்றைக்கு மாலை வரை இரண்டு. அந்த இரண்டு கோடுகளையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் நோன்பு வைக்கவில்லை.

எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. என் சினேகிதி ஒருத்தி ஆறு மாதப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே முழு மாதமும் பிடித்தாள், பிள்ளைக்கு ஒரு குறையும் வரவில்லை. உடம்புக்கு உடம்பு வேறு. அதைத்தான் நம் ஆட்கள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். "நாங்களெல்லாம் அந்தக் காலத்துல நாலு பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கிட்டே நோன்பு வச்சோம்" என்று ஆரம்பித்து விடுகிறார்கள். அவர்கள் வைத்த நோன்பை அல்லாஹ் கபூல் செய்யட்டும். அதற்காக என் நோன்பை ஏன் அளக்க வேண்டும்?

மார்க்கம் இதில் குழப்பமே வைக்கவில்லை. பயணிக்கு நோன்பைத் தள்ளிவைத்துக்கொள்ளச் சொன்ன ஹதீஸ், அதே மூச்சில் கர்ப்பிணியையும் பாலூட்டுகிறவளையும் சேர்த்துச் சொல்கிறது. நாங்கள் ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு), மலேசியாவிலும் அதுதான். தன் உடம்புக்குப் பயந்து நோன்பை விட்டால் களா மட்டும், அதாவது விட்ட நோன்பைப் பிறகு பிடிப்பது. பிள்ளைக்கு மட்டும் பயந்து நோன்பை விட்டால் களாவோடு ஒவ்வொரு நாளுக்கும் ஏழைக்கு 'முத்து' என்கிற அளவில் ஒரு அளவு அரிசி ஃபித்யா, அதாவது ஈடு. ஹனஃபி என்றால் களா போதும். அவ்வளவுதான் கணக்கு. சபர் போன ஆண்பிள்ளை தொழுகையைச் சுருக்கினால் "ஏன் முழுசா தொழலை?" என்று யாரும் கேட்பதில்லை. பாலூட்டுகிறவளிடம் மட்டும் ஏன் கேள்வி?

இங்கே மலாய்ப் பெண்களிடம் எனக்குப் பிடித்த ஒன்று, அவர்கள் இதை ஒளிப்பதில்லை. 'புவாசா கந்தி' என்பார்கள். நம் களா நோன்புதான். எங்கள் மாடியில் இருக்கும் ஒரு காக் (மலாய் அக்கா), என் நோன்பைப் பற்றி நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, மாவு பிசைகிற கையை நிறுத்தாமலே, தனக்கு இன்னும் ஒன்பது கந்தி பாக்கி இருக்கிறது, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்றார். அவர் மகனுக்கு ஒன்றரை வயது. பால் கணக்கு, மளிகைக் கணக்கு மாதிரி அதுவும் ஒரு கணக்கு, எழுதி வைத்துத் தீர்க்கலாம் என்கிற தெளிவு அந்த முகத்தில் இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன், நிம்மதியில்.

சரி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

நான் நாகூர்க்காரி. எங்கள் பக்கத்தில் கல்யாணமானால் பெண் வீட்டை விட்டுப் போகமாட்டாள், மாப்பிள்ளைதான் வருவார். வீடு பெண்ணுக்கு. ஆண்கள் சபர் போவார்கள், பிழைக்கக் கடல் கடந்து, பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன் என்று. என் பாட்டனாரும் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இங்கே வந்து இறங்கியவர்தான். அவர் இங்கே இருந்த காலமெல்லாம் அங்கே அவருடைய பிள்ளைகளை வளர்த்தது ஒரு வீடு இல்லை, ஒரு தெரு. பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் தரையில் கால் படக்கூடாது. ஒரு வீட்டிலிருந்து பூண்டுக்குழம்பு வரும், இன்னொரு வீட்டிலிருந்து சுறாப் புட்டு வரும். எதிர்வீட்டு லாத்தா வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு "நீ போய்த் தூங்கு புள்ள" என்பார். நோன்பு மாதத்தில் பிள்ளை பெற்றால் இது இரண்டு மடங்காகும். தராவீஹ் (நோன்பு மாத இரவுத் தொழுகை) முடிந்து எந்த வீட்டிலும் விளக்கு அணையாது.

அந்த ஆண்கள் சபர் வந்த ஊரில் என்னென்ன கட்டினார்கள் என்று பாருங்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1801-இல் காதர் மைதீன் தொடங்கியது. சூலியா தெருவும் கிங் தெருவும் சேரும் முனையில் நம் சாகுல் ஹமீது நாயகம் பேரில் ஒரு நாகூர் தர்கா. தங்குவதற்குக் கிட்டங்கி, சாப்பிட நாசி கண்டார் கடை. இருநூறு வருஷத்துக்கு மேலாக நோன்பு மாதம் வந்தால் ஒரு சபராளி இந்த ஊரில் அநாதை ஆகமாட்டான். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொத்துக்கறி, கடைசியில் தேங்காய்ப்பாலும் புதினாவும் போட்டுப் பெரிய தேக்சாவில் கஞ்சி கொதிக்கும். அஸருக்குப் பிறகு பாத்திரத்தோடு போனால் எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல் ஊற்றுவார்கள். எவ்வளவு பெரிய ஏற்பாடு அது! நினைத்தாலே பெருமையாக இருக்கிறது.

ஆனால் அதெல்லாம் தனியாக வந்த ஆண்பிள்ளைக்காக ஆனது. இப்போது நாங்கள் குடும்பத்தோடு வருகிறோம். மச்சானுக்கு (என் கணவருக்கு) பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, எனக்கு பதினான்காவது மாடியில் ஒரு ஃபிளாட். பள்ளி வந்துவிட்டது, கஞ்சி வந்துவிட்டது, அந்தத் தெரு மட்டும் கப்பல் ஏறவில்லை. ஒரு தெருவே செய்த வேலை இரண்டு பேர் தலையில் விழுகிறது. அந்த இரண்டு பேரில் ஒருவர் மஃக்ரிபுக்குப் பள்ளியில் இருக்கிறார்.

கைப்பிள்ளை உள்ள வீட்டில் மஃக்ரிப் நேரம் எப்படி இருக்கும் என்று பள்ளியில் வரிசையாக உட்கார்ந்து நோன்பு திறக்கும் ஆண்களுக்குத் தெரிய நியாயமில்லை. கைப்பிள்ளைகள் காரணமே இல்லாமல் வீறிடுகிற பொழுது பெரும்பாலும் அந்திதான். இங்கே அந்தியும் தாமதம். 1982-இல் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னால் தள்ளியதிலிருந்து ஏழரைக்குத்தான் இருட்டுகிறது. பிள்ளை தூங்க வேண்டிய நேரமும் பாங்கு சொல்கிற நேரமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. முதல் வாரம் முழுக்க பாங்கு சொல்லும்போது நான் அறைக்குள் இருட்டில் மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றேன். மேசையில் கஞ்சி ஆறி ஆடை கட்டியிருக்கும். நோன்பு வைத்த மூன்று நாளும் நான் நோன்பு திறந்தது தொட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு மடக்குத் தண்ணீரில்.

மச்சான் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை. அவருடைய வாப்பா பள்ளியில்தான் திறப்பார், அவரும் சின்ன வயதிலிருந்து பள்ளியில்தான் திறந்திருக்கிறார். ஏழாம் நோன்பு அன்று சொன்னேன். சத்தம் போடவில்லை, "நாளைக்கு மஃக்ரிபுக்கு வீட்டில் இருங்க" என்றேன், அவ்வளவுதான். மறுநாள் இருந்தார். பிள்ளையை இடது தோளில் போட்டுக்கொண்டார், வலது கையால் பேரீச்சம்பழம் எடுத்து திறந்தார், அவள் அழ அழ வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தார். நான் உட்கார்ந்து சூடாகக் கஞ்சி குடித்தேன். நோன்பில்லாத நாளிலும் பாங்கு வரைக்கும் காத்திருந்துதான் கஞ்சியைத் தொடுகிறேன், அந்த நேரத்தை மட்டும் என்னால் விட முடியவில்லை. இப்போது தினமும் இப்படித்தான். ஜமாஅத்துக்கு (கூட்டுத் தொழுகைக்கு) அவர் இரவு இஷாவுக்குப் போகிறார், தராவீஹும் தொழுதுவிட்டு வருகிறார். அவருடைய ரமலானில் ஒன்றும் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவரிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். மகளுக்கு ஊசி போட்டுவிட்டுத் திரும்பும்போது ஒரு வணிக வளாகத்தில் பால் கொடுக்கும் அறைக்குப் போனேன். மதியம் இரண்டு மணி. பசி காதை அடைத்தது. இங்கே நோன்புப் பகலில் பொது இடத்தில் சாப்பிடும் முஸ்லிமுக்கு மாநில ஷரீஅத் சட்டப்படி தண்டனை உண்டு. எனக்குச் சலுகை இருக்கிறதுதான். ஆனால் தலையில் முக்காடோடு ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்றால் பார்க்கிற நூறு பேருக்கு அது எப்படித் தெரியும்? அந்த அறையில் திரைக்குப் பின்னால் காயா பன்னைப் பிரித்தேன். தாள் சரசரத்தது, கூச்சமாக இருந்தது. அடுத்த திரைக்குப் பின்னாலும் அதே சரசரப்பு. வெளியே வந்தபோது தூடோங் (மலாய் முக்காடு) போட்ட இரண்டு பெண்கள், ஆளுக்கொரு பிள்ளை. ஒருத்தியின் உதட்டோரத்தில் பன் துகள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த நல்ல ஜமாஅத்துகளில் அதுவும் ஒன்று என்றே நினைக்கிறேன்.

பள்ளி விஷயம். இங்கே பள்ளிகளில் பெண்களுக்கு இடம் உண்டு, அந்த விதத்தில் ஊரைவிட எவ்வளவோ மேல். ஊரில் பெண்களின் தராவீஹ் யாராவது பெரிய வீட்டிலோ மதரஸாவிலோ நடக்கும். ஆசையாக ஒருநாள் மகளோடு போனேன். நாலாவது ரக்அத்தில் அழுதாள். ஸலாம் கொடுத்ததும் முன் வரிசையில் ஒருவர் திரும்பி, பிள்ளை வைத்திருப்பவர்கள் வீட்டில் தொழலாமே என்றார். எழுந்து வந்துவிட்டேன். ரசூலுல்லாஹ், பிள்ளை அழும் சத்தம் கேட்டால் தாய் தவிப்பாளே என்று தொழுகையைச் சுருக்கியிருக்கிறார்கள். பேத்தி உமாமாவைச் சுமந்துகொண்டே தொழுதிருக்கிறார்கள், சஜ்தாவில் இறக்கிவிட்டு, எழும்போது மறுபடி தூக்கிக்கொண்டு. அந்தப் பள்ளியிலும் பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) இதைச் சொல்லாமலா இருப்பார்கள்?

அப்புறம் களா. ரமலான் நோன்பு பிடிப்பது லேசு, ஊரே சேர்ந்து பிடிக்கிறது. களா நோன்பு அப்படி இல்லை. மற்றவர்கள் சாப்பிடுவார்கள், கடைகள் திறந்திருக்கும், கஞ்சி இருக்காது, சஹருக்கு எழுப்ப ஆள் இருக்காது. பெருநாள் வரை கணக்குப் போட்டால் எனக்கு இருபத்தாறோ இருபத்தேழோ வரும். அடுத்த ரமலானுக்குள் முடிக்க வேண்டும், காரணமில்லாமல் தள்ளினால் எங்கள் மத்ஹபில் அதற்கும் ஃபித்யா. நல்லவேளையாக இந்த ஊரில் பகல் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே நீளம், ஐரோப்பாவில் கோடைக்காலத்தில் களா பிடிக்கும் சினேகிதிகளை நினைத்தால் எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. மச்சானிடம் இப்போதே கேட்டுவிட்டேன். மகள் சாதம் சாப்பிட ஆரம்பித்த பிறகு திங்கள், வியாழன் களா பிடிப்பேன், அன்றைக்கு அவரும் சுன்னத் நோன்பு வைக்க வேண்டும். சரி என்றிருக்கிறார். இதைப் படிக்கும் ஆண்களே, உங்கள் வீட்டில் எத்தனை களா பாக்கி என்று உங்களுக்குத் தெரியுமா? அந்தக் கடன் உங்கள் பிள்ளைக்காக வந்தது.

ராத்திரி மூன்று மணிக்கு மகள் எழுவாள். ஊரில் அப்போது பன்னிரண்டரை. உம்மா விழித்திருப்பார்கள், வீடியோவில் அழைப்பேன். அவர்கள் கையில் தஸ்பீஹ் ஓடிக்கொண்டிருக்கும், பின்னால் தெருவில் பிள்ளைகள் சத்தம். பால் கொடுத்து முடிக்கும் வரை இருவரும் அதிகம் பேசமாட்டோம். முந்தாநாள் கேட்டார்கள், "ஒண்டியா இருக்கோம்னு நெனக்கிறியா?" இல்லை என்று சொன்னேன். அதுவும் முழு உண்மை இல்லை.

பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் நானாமார்கள் யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். கஞ்சி ஊற்றுகிற இடத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தங்கள் பிளாக்கில் பிள்ளை பெற்றவள் இருந்தால் வருகிறவர்கள் வீட்டு எண்ணை எழுதட்டும். போகிற வழியில் யாராவது ஒரு தூக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். கதவைத் திறக்கிறவளிடம் எதுவும் கேட்க வேண்டாம். கொடுத்துவிட்டு வந்தால் போதும்.

எங்கள் பிளாக்கில் ஒன்பதாவது மாடியில் கடையநல்லூர்க் குடும்பம் ஒன்று. பிள்ளை பிறந்து பதினெட்டு நாள்தான், ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. மச்சானிடம் இன்றைக்கு இரண்டு தூக்கு கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஆறேகால் ஆகிறது, இன்னும் பாலத்துப் பக்கம் நெரிசலில் நிற்கிறாராம். மகள் எழுந்துவிட்டாள்.