அந்த நம்பர்ல இருக்கறவர் இப்ப தலைவர் இல்லையாம்

சேவைச் சங்கங்களைக் கிண்டலடித்து மீம் போடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பேனரில் முகம் பெரிதாகவும் உதவி சிறிதாகவும் இருந்தால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். நானும் ஒரு சங்கத்தில் இரண்டு வருஷம் செயலாளராக இருந்தவன். அந்தப் பேனர்களில் சிலவற்றில் ஓரமாக நானும் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் என்னைக் கேட்டால், சிக்கல் விளம்பர ஆசையில் இல்லை. ஜூலை 1ஆம் தேதியில் இருக்கிறது.

ரோட்டரியோ லயன்ஸோ, சங்க வருஷம் ஜூலை 1ல் தொடங்கி ஜூன் 30ல் முடியும். தலைவர் பதவியும் பெரும்பாலும் அத்தோடு சரி. ஒரே ஆள் நாற்காலியை விடாமல் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் பன்னிரண்டு மாதத்துக்குள் பெயர் சொல்லும்படி எதையாவது செய்துவிட வேண்டும் என்று வருகிறவர், போன தலைவர் கொடுத்ததைப் பழுது பார்ப்பாரா, புதிதாக ஒன்றைத் திறந்து வைப்பாரா?

எனக்கு இது உறைத்தது ஒரு வீட்டுத் திண்ணையில். வேறு யாருக்கோ உதவி கொடுக்கப் போன வழியில், நாங்கள் முன்பு கொடுத்த சக்கர நாற்காலி ஒன்று கண்ணில் பட்டது. முன்பக்கச் சின்னச் சக்கரம் ஒன்று இல்லை. அந்த மூலைக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். கைப்பிடியில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. முதுகுப் பக்கத்தில் எங்கள் சங்கத்தின் பெயர் மட்டும் பெயின்ட் போகாமல் பளிச்சென்று இருந்தது. அந்த வீட்டம்மா கோபமாகக்கூடப் பேசவில்லை. "சக்கரம் கழண்டு ஒரு வருஷம் ஆச்சு சார். பின்னாடி போட்டிருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். அவர் இப்ப தலைவர் இல்லையாம்."

எங்கள் ஆண்டறிக்கையில் அந்த நாற்காலி அப்போதும் 'வழங்கப்பட்டது' கணக்கில்தான் இருந்தது. அறிக்கையை எழுதியவன் நான்.

இந்தச் சங்கங்கள் தொடங்கிய விதம் இப்படி இல்லை. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் ரோட்டரியைத் தொடங்க உட்கார்ந்தவர்கள் பால் ஹாரிஸையும் சேர்த்து மொத்தம் நான்கே பேர்: வக்கீலான ஹாரிஸ், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல்காரர். கூட்டத்தை ஒவ்வொருவர் இடத்திலும் மாற்றி மாற்றி நடத்தியதால்தான் 'ரோட்டரி' என்ற பெயரே வந்தது. தொழிலுக்கு ஒருவர் என்று ஆள் சேர்த்தார்கள். அவர்கள் முதலில் எடுத்த பெரிய பொதுக் காரியம் என்ன தெரியுமா? பொதுக் கழிப்பறை. அதற்கும் எதிர்ப்பு வந்தது. எங்களிடம்தான் கழிப்பறை இருக்கிறதே என்று மதுக்கடைத் தரப்பும் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களும் நின்றன. உள்ளே வருகிறவன் வாடிக்கையாளர் ஆகிவிடுவான் அல்லவா! நான்கே பேர் சேர்ந்து தொடங்கிய ஒரு சங்கம் அந்தச் செல்வாக்கோடு மோதிக் கழிப்பறையைக் கட்ட வைத்தது.

இன்றைக்கு நிலைமை? ஒரே பள்ளிக்கு ஒரே மாதத்தில் மூன்று அமைப்புகள் போய் நோட்டுப் புத்தகம் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். மூன்றில் ஒன்று எங்களுடையது. அந்தப் பள்ளியில் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொரு பிள்ளை வெளியே காவல் நிற்க வேண்டும். தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் நின்று குரூப் போட்டோ எடுக்க முடியாது, அவ்வளவுதான் காரணம்.

லயன்ஸில் எனக்கு எப்போதும் பிடித்த கதை வெள்ளைக் கைத்தடி. 1930ல், பியோரியா என்ற அமெரிக்க ஊரில், பார்வையற்ற ஒருவர் கறுப்புத் தடியோடு சாலையைக் கடக்கத் திணறுவதை ஜார்ஜ் பொன்ஹாம் என்ற உறுப்பினர் பார்த்தார். கறுப்புத் தடி வண்டி ஓட்டுகிறவன் கண்ணில் படவில்லை. தடிக்கு வெள்ளை அடித்தார்கள். அதோடு விடாமல், வெள்ளைத் தடியோடு வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்று நகர மன்றத்தில் விதியும் கொண்டுவந்தார்கள். தடியைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தால் அது பியோரியாவைத் தாண்டியிருக்காது.

போலியோவும் அப்படித்தான். 1985ல் ரோட்டரி அதைக் கையில் எடுத்தது. 1988ல் உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் 3,50,000 குழந்தைகளை முடக்கிக்கொண்டிருந்த நோய், இன்று 99 சதவீதத்துக்கு மேல் ஒழிந்துவிட்டது. அரசுகளும் ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து செய்த வேலை அது, ரோட்டரி மட்டும் செய்ததில்லை. ஆனால் இத்தனை ஜூலை 1 வந்தும், எந்தப் புதுத் தலைவரும் 'போலியோ போன தலைவரோட புராஜெக்ட்' என்று ஒதுக்கவில்லை பாருங்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

சின்னச் சமூகத்தில் ஒரு சங்கத்தின் சொத்து அதன் வங்கிக் கணக்கு இல்லை. டாக்டர், வக்கீல், எலக்ட்ரீஷியன், லாரி வைத்திருப்பவர் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்காருகிறார்களே, அதுதான். ராத்திரி பதினோரு மணிக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டுமென்றால், யாரிடம் வண்டி இருக்கும், யார் போன் எடுப்பார் என்று அவர்களுக்குத் தெரியும். இதைச் செக் எழுதி வாங்க முடியாது.

திண்ணைக்குப் பிறகு சங்கத்தில் ஒரு யோசனை வைத்தேன். கொடுத்த பொருளுக்கெல்லாம் ஒரு பழுது நோட்டு. தலைவரின் நம்பரை அழித்துவிட்டு, சங்கத்துக்கென்றே ஒரு சிம் வாங்கி அந்த நம்பரை ஸ்டிக்கராக ஒட்டுவது. கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள். "இதை அவார்டு ஃபார்ம்ல எந்தக் கட்டத்துல போடறது?" என்றார் ஒருவர். நியாயமான கேள்வி, ஏனென்றால் அதற்கு அந்த ஃபார்மில் இடமே இல்லை. கடைசியில் வேலையை எடுத்துக்கொண்டவர் உறுப்பினரே இல்லாத ஒரு சைக்கிள் மெக்கானிக். கழன்ற சக்கரத்தை அவர்தான் மாட்டினார், பேரிங் மாற்றினார். நன்றி சொல்லிப் படம் எடுக்கக் கூப்பிட்டபோது கையில் கிரீஸ் என்று சொல்லி நழுவிவிட்டார்.

அந்த சிம்மையும் கடைசியில் வாங்கிவிட்டோம். செயலாளர் மாறும்போதெல்லாம் அது இப்போது கை மாறிக்கொண்டிருக்கிறது. போன ஜூலையில் பொறுப்பேற்ற செயலாளர் அன்று ராத்திரியே எனக்கு போன் செய்தார். யாரோ ஒரு பெரியவர் கூப்பிட்டு, வாக்கரில் ஒரு கால் வழுக்குகிறது என்றாராம். "என்ன செய்றதுண்ணே?"

"ரப்பர் புஷ் தேஞ்சிருக்கும். அலமாரில மேல் தட்டு, பச்சை டப்பா. நாலும் மாத்திடு, ஒண்ணு மட்டும் மாத்துனா ஆடும்."