நடேசய்யரை வன்னியும் படிக்க வேண்டும்

தோட்டத் தொழிலாளருக்காகப் பத்திரிகையும் தொழிற்சங்கமும் நடத்திய கோ. நடேசய்யர் என்றால் மலையகத்தில் அட்டன் பக்கம் தெரியும். இங்கே வன்னியில், கிளிநொச்சியில் பத்திரிகைக்கு எழுதுகிற பிள்ளைகள் பலருக்கே தெரியவில்லை. இது எனக்குப் பெரிய மனவருத்தம். அவர் யாருக்காக எழுதினாரோ அந்தத் தோட்டத்துச் சனத்தின் பேரப்பிள்ளைகள்தான் இன்று கிளிநொச்சியின் மலையாளபுரத்திலும் பாரதிபுரத்திலும் இருக்கிறார்கள். தமிழருக்கு எதிரான கலவரங்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள்.

மனிதர் தஞ்சாவூர்க்காரர். 1920களில் கொழும்பில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' என்று பத்திரிகை நடத்தினார். வெளியாள் தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாத காலம் அது. புடவை வியாபாரி மாதிரி வேடம் போட்டுத்தான் லயங்களுக்குள், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குள், போயிருக்கிறார். கண்டதை எழுதினார், எழுதினதோடு நிற்கவும் இல்லை. 1931ல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் தொடங்கினார். மனைவி மீனாட்சியம்மாள் தானே பாட்டெழுதிக் கூட்டங்களில் பாடினார். பேப்பர் வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் விஷயம் போய்ச் சேர வேண்டுமே! (அந்த அம்மாவைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.) 1947ல் நடேசய்யர் இறந்தார். அடுத்த வருஷமே வந்த குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது.

இவ்வளவும் நமக்குத் தெரியக் காரணம் மலையக எழுத்தாளர் சாரல்நாடன். பழைய பத்திரிகைகளைத் தேடிப்பிடித்து அவர் எழுதியிருக்காவிட்டால் நடேசய்யர் வெறும் பெயராகப் போயிருப்பார்.

வன்னிக்கு வந்த சனத்துக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. காந்தீயம் என்ற தொண்டு இயக்கம் அவர்களைக் குடியேற்றியதும், அதை நடத்தியவர்களில் ஒருவரான டொக்டர் ராஜசுந்தரம் 1983ல் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டதும் சிலருக்குத் தெரியும். காடு வெட்டினவர்களின் கதை? போரைப் பற்றி நிறைய எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். ஆனால் களை பிடுங்கப் போகிற பெண்ணுக்கு நாட்கூலி எவ்வளவு, அதே வயலில் ஆணுக்கு எவ்வளவு? விடிய முன்னம் கார்மென்ட்ஸ் பஸ் ஏறுகிற பிள்ளை ஒருநாள் லீவு எடுத்தால் சம்பளத்தில் என்ன வெட்டு? நுண்கடன் கட்ட முடியாத வீட்டில் என்ன நடக்கிறது? இதை யார் விடாமல் எழுதுகிறார்கள்? மலையகத்துச் சனத்தை இழிவாகத் 'தோட்டக்காட்டார்' என்று வாய்கூசாமல் சொல்கிறவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்தச் செய்திகள் வராததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஊடகம் படிக்கிற தம்பி தங்கச்சிமாரே, 1977 கலவரத்தோடு இளம் வயதில் வந்தவர்களுக்கு இப்போது எழுபது வயதாகிறது. போய்ப் பக்கத்தில் இருந்து கேளுங்கள். எந்தத் தோட்டத்தில் இருந்து வந்தார்கள், யார் கூட்டிவந்தது, முதல் கூலி எவ்வளவு, காணிக்குப் பெர்மிட் கிடைத்ததா? சம்மதித்தால் குரலையும் பதிந்து வையுங்கள். அப்புறம், எழுதினதைப் போடுவதற்கு முதல் அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். பிழை இருந்தால் அவர்கள்தான் திருத்த வேண்டும்.