பார்ன்ஸின் மட்டையை மறந்துவிட்டீர்கள்
1875-இல் பாஸ்டன் ரெட் ஸ்டாக்கிங்ஸ் பேஸ்பால் அணி 71 வெற்றி, 8 தோல்வி என்று ஆடியதற்கு ஸ்பால்டிங்கின் பந்துவீச்சு ஒன்றே காரணம் என்கிறது உங்கள் கட்டுரை. பாதிதான் சரி. அதே அணியின் ராஸ் பார்ன்ஸின் மட்டை எங்கே போயிற்று? அன்றைய விதிப்படி, அடித்த பந்து முதலில் ஆடுகளத்தின் எல்லைக் கோட்டுக்குள் குத்தினால் போதும், பிறகு வெளியே எங்கே ஓடினாலும் செல்லும். பார்ன்ஸ் பந்தைக் காலடியிலேயே தரையில் குத்தவிட்டு, மூன்றாம் பேஸுக்கு வெளியே சுழன்று ஓட வைப்பார். அதைத் தடுக்க மூன்றாம் பேஸைக் காக்கும் ஆட்டக்காரர் எல்லைக் கோட்டை ஒட்டி நின்றால் களத்துக்குள்ளே ஓட்டை விழும் (பெரும்பாலோர் வெறுங்கையால் பிடித்த காலம் வேறு). 1876-இல் சிகாகோ அணியில் பார்ன்ஸின் மட்டைவீச்சு சராசரி .429, 1877-இல் அந்த விதி மாறியதும் .272. அந்த ஆண்டு உடல்நலமும் கெட்டிருந்தது, ஆகவே முழுப்பழியும் விதிமேல் இல்லை. 1875-க்குப் பிறகு பாஸ்டனின் ஸ்பால்டிங், பார்ன்ஸ், மெக்வே, ஒயிட் நால்வரும் சேர்ந்தே சிகாகோவுக்குக் கிளம்ப, 1876-இல் பாஸ்டனுக்கு நான்காம் இடம்தான்.