ரெகுலரா கரஸ்ஸான்னு கேக்கறவங்களுக்கு

போன வாரம் ஒரு கல்யாணத்துல சொந்தக்காரர் ஒருத்தர் "பி.ஏ. ரெகுலரா கரஸ்ஸா கண்ணு"ன்னு கேட்டாரு, கரஸ், அதாவது வீட்ல இருந்தே படிக்கற தொலைதூரக் கல்வின்னு சொன்னதும் "ஓ"ன்னு ஒரு இழுவை. அது மனசுலயே நிக்குது, அதான் எழுதறேன்.

எங்க ஊரு நாகலூர் பக்கம். அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் காபித் தோட்டத்துல வேலை. பிளஸ் டூ முடிச்சப்ப ஹாஸ்டலுக்குக் கட்ட வீட்ல காசு இல்ல, தினமும் போய் வரலாம்னா ஏற்காடு போய் 20 கொண்டை ஊசி வளைவு எறங்கி சேலம் போயி சாயங்காலம் மறுபடி அத்தனையும் ஏறணும். கரஸ்ல தமிழ் சேந்தேன். பகல்ல பழம் பறிப்பு, ராத்திரி புக்கு, ஞாயித்துக்கிழமை மட்டும் சேலத்துல கிளாஸ். யாப்புல, அதான் செய்யுள் இலக்கணத்துல, அசை பிரிக்க நானாவே பழகிட்டேன், ஒரு சீரும் அடுத்த சீரும் எப்படிச் சேரணும்னு சொல்ற தளை மட்டும் எத்தன தடவ படிச்சாலும் மண்டைல ஏறல. ஒரு ஞாயித்துக்கிழமை சார் ஒரு குறள போர்டுல எழுதி மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர்னு சீர் சீரா காட்டினாரு, அரை மணி நேரந்தான். ஒரு வாரம் தனியா முட்டி மோதிட்டுப் போனதாலதான் அந்த அரை மணி நேரம் எனக்குப் போதுமா இருந்துச்சு. அடுத்த வாரம் பூரா பறிப்புக்கு நடுவுலயே குறளா அசை, சீர், தளைன்னு அலகிட்டுப் பாத்தேன்.

2021-ல, கொரோனால படிப்பு விட்டுப்போன புள்ளைங்களுக்கு வீட்டுப் பக்கத்துலயே சாயங்காலம் சொல்லிக் குடுக்கற அரசுத் திட்டம் இல்லம் தேடிக் கல்வி வந்தப்ப தன்னார்வலரா சேந்தேன். சாயங்காலம் எங்க வீட்டுத் திண்ணைலதான் கிளாஸ். எங்களுக்கு சிக்னல் வாட்டர் டேங்க் கிட்டதான் கெடைக்கும், அங்க நின்னு கணக்கு வீடியோ டவுன்லோடு பண்ணிட்டு வருவேன். ஏழாவது படிச்ச ஒரு பையன் பின்னக் கணக்க மூணு தடவ ஓட்டிப் பாத்துட்டு "இந்த எடம் மட்டும் புரியலக்கா"ன்னு விரல் வச்சுக் காட்டினான். 40 பேரு இருக்கற வகுப்புல டீச்சர்கிட்ட மூணு தடவ திருப்பிச் சொல்லுங்கன்னு கேக்க எந்தப் புள்ளைக்கு வாய் வரும்?

வெறும் போனு மட்டும் போதாது, அதையும் சொல்லிடறேன். கொரோனால ஒரு போன வச்சுக்கிட்டு மூணு புள்ளைங்க படிச்ச வீடெல்லாம் இங்க பாத்திருக்கேன், கேக்க பக்கத்துல ஆள் இல்லாம பாதிப் பேரு படிப்பையே விட்டுட்டாங்க. புக்கு, வீடியோ, வீடு, பக்கத்துல ஒரு ஆளு, எல்லாம் சேரணும்.

என் சித்தி பொண்ணு சேலத்துல இன்ஜினியரிங், ரெகுலர்தான். அவளும் என்பிடெல்னு ஐஐடிங்க நடத்தற ஆன்லைன் பாடத் தளத்துல ஐஐடி வாத்தியாரு பாடத்த வீட்ல கேட்டு, வாராவாரம் அசைன்மென்ட் முடிச்சு, பரீட்சைய மட்டும் சென்டர்ல போய் எழுதறா. ஒரு செமஸ்டர்ல 40 சதவீதப் பாடம் வரைக்கும் ஸ்வயம்ங்கற மத்திய அரசு ஆன்லைன் தளத்துல (என்பிடெல் பாடமும் அதுலதான்) படிச்சு கிரெடிட் வாங்கலாம்னு 2021-லயே யுஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, விதி போட்டாச்சு. அப்ப ரெகுலர் படிப்புலயே பாதிக்குப் பக்கம் வரைக்கும் என் படிப்பு மாதிரி இருக்கலாம்தானே? அதுக்கு யாரும் "ஓ" போடறதில்லயே.

எனக்கு ஒரே ஆசதான். ஞாயித்துக்கிழமை கிளாஸ ஏற்காட்லயே ஏதாவது ஸ்கூல் ரூம்ல வச்சா, பிளஸ் டூவோட நின்னு போயி என்கூட பறிப்புக்கு வர்ற நாலு பொண்ணுங்க நாளைக்கே அப்ளிகேஷன் போடுவாங்க, போன மாசமே என்கிட்ட கேட்டுட்டாங்க.